கொழுந்தும் கூட்டுறவும்

தேயிலை, றப்பர், தெங்கு என்னும் மூன்று சொற்களை நம் மாணவர் கீழ் வகுப்புகளிலேயே மனனம் செய்துவிடுகின்றனர். இலங்கையின் பிரதான ஏற்றுமதிப் பயிர்கள் யாவை என்ற வினாவுக்கு அதுவே விடை, புள்ளியும் கிடைத்துவிடுகிறது. அப்பயிர்களை விளைவிப்போர் யாவர், அவற்றுக்கு விலை கூறுவோர் யாவர், விலை வீழ்ந்த நாளில் பட்டினி கிடந்தோர் யாவர் என்னும் வினாக்கள் பரீட்சைத் தாளில் இடம்பெறுவதில்லை. இடம்பெறாத அவ்வினாக்களையும் மாணவர்முன் வைப்பது ஆசிரியர் கடமை என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தேயிலை வளராது. ஆயினும், கடல் கடந்த சந்தையை நம்பிப் பயிரிடும் சிறு விவசாயியின் அவலம் நமக்குப் புதியதன்று. துலா மிதித்து நீரிறைத்து நம் முன்னோர் விளைவித்த புகையிலையில் ஒரு பெரும் பகுதி திருவிதாங்கூருக்குத் தோணியேறியது. அங்கே சுங்கவரி உயர்ந்தால் இங்கே உழவனின் அடுப்பு அணைந்தது. இந்நிலைக்குப் பரிகாரம் தேடியே 1930களில் யாழ்ப்பாண மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கம் என்னும் கூட்டுறவு அமைப்பு தோன்றியது. தனித்தனியே தரகர் முன் நின்ற விவசாயிகள் தங்கள் பொருளை ஒன்றுசேர்த்துத் தாமே விற்க முனைந்தனர். யாழ் நகரின் வீரசிங்கம் மண்டபத்துக்குப் பெயர் தந்த வீ. வீரசிங்கம், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவர். வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர். கூட்டுறவு என்பது நம் மண்ணில் ஆசிரியரும் உழவரும் சேர்ந்து வளர்த்த பயிர். அந்த அநுபவத்தை அளவுகோலாகக் கொண்டு தேயிலையின் கதையை நோக்குவோம்.

சிறு உற்பத்தியாளரைச் சர்வதேச ஒத்துழைப்பினால் உயர்த்தலாம் என்று இன்று பலரும் பேசுகின்றனர். நல்ல பேச்சுத்தான். ஆனால் யார் யாரோடு ஒத்துழைக்கின்றனர் என்று கேட்காமல் அப்பேச்சை ஏற்றுக்கொள்வதற்கில்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து அது துரைமார் பயிராகவே வளர்ந்தது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் தேயிலை விலையைச் சரித்தது. அப்பொழுது இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்று பிரதேசங்களின் உற்பத்தியாளர் சங்கங்களும் கூடி 1933இல் சர்வதேசத் தேயிலை ஒப்பந்தத்தைச் செய்தன. 1929 முதல் 1931 வரையிலான ஆண்டுகளில் ஒவ்வொரு நாடும் செய்த மிக உயர்ந்த ஏற்றுமதியில் 85 சதவீதமே முதலாண்டில் அனுமதிக்கப்பட்டது. புதிதாகப் பயிரிடும் நிலம், ஏற்கெனவே பயிரிடப்பட்ட பரப்பில் 0.5 சதவீதத்தைத் தாண்டலாகாது என்றும் விதிக்கப்பட்டது. இலண்டனில் விலை உயர்ந்தது; கம்பனிகள் பிழைத்துக்கொண்டன.

இதுவும் சர்வதேச ஒத்துழைப்பே. ஆனால் இதன் உட்கிடையை நோக்குக. ஆயிரம் ஏக்கர் உடையவனுக்குப் புதிய நிலம் வேண்டியதில்லை, அவன் காலூன்றிவிட்டவன். கால் ஏக்கரில் தேயிலை நட்டு முன்னேற நினைக்கும் கிராமத்தவனுக்கோ அந்த விதி அடைத்த கதவாயிற்று. 1955இல் காலாவதியாகும் வரை இவ்வொப்பந்தம் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. வெளியே நின்றவர்களை வெளியிலேயே நிறுத்தியது.

இதற்கு மாறான உதாரணம் ஒன்றும் நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. அது தேயிலையின் கதையன்று, றப்பரின் கதை. கொரியப் போரினால் உச்சத்துக்கு ஏறிய றப்பர் விலை 1952இல் வீழ்ந்தது. அதே வேளையில் உலகச் சந்தையில் அரிசி கிடைப்பது அரிதாயிற்று. றப்பர் நிலத்தில் கணிசமான பகுதி சிறு நிலத்தார் கையில் இருந்தது. சமவுடைமை நாடுகளுக்குப் போர்த் தேவைக்குரிய பொருள்களை விற்கும் அரசுகளுக்கு உதவி மறுக்கும் சட்டத்தை அமெரிக்கா 1951இல் இயற்றியிருந்தது. அச்சுறுத்தலைப் பொருட்படுத்தாமல் வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனாநாயக்க பீக்கிங் சென்றார். 1952 டிசம்பர் 18ஆம் திகதி றப்பர் - அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுதோறும் இலங்கை 50,000 மெற்றிக் தொன் றப்பர் கொடுக்கும். சீனா 2,70,000 மெற்றிக் தொன் அரிசி கொடுக்கும். றப்பருக்கு உலக விலையிலும் கூடிய விலை கிடைத்தது. இரு நாடுகளுக்குமிடையே அப்பொழுது இராஜதந்திர உறவுகூட இல்லை. அது 1957இலேயே ஏற்பட்டது. அவ்வாண்டில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது, றப்பர் மறுநடுகைக்கென 5 ஆண்டுகளில் 7.5 கோடி ரூபா உதவியளிக்கவும் சீனா உடன்பட்டது. மறுநடுகை செய்த மரம் பால் தர ஏறத்தாழ ஆறு, ஏழு ஆண்டுகள் செல்லும். அவ்விடைக்காலத்தைத் தாங்கச் சிறு நிலத்தானுக்குக் கைமுதல் ஏது? அங்கேதான் அந்த உதவியின் பெறுமதி விளங்குகிறது.

ஆயினும் ஒப்பந்தத்தை மட்டும் போற்றி நின்றுவிடலாகாது. கைச்சாத்தாகி எட்டு மாதம் நிறையுமுன்னரே, பங்கீட்டரிசியின் கொத்து விலையை அரசாங்கம் 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி மக்கள் ஹர்த்தாலில் எழுந்தனர். அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் நல்ல உடன்படிக்கையின் பலன் மக்களுக்குத் தானாக வந்து சேர்வதில்லை என்ற பாடத்தை அந்த ஆண்டு புகட்டியது.

மீண்டும் தேயிலைக்கு வருவோம். இன்று இலங்கைத் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சிறு நிலத்தார் விளைவிப்பது. அவர்கள் தொகை ஏறத்தாழ 4 இலட்சம். பெரும்பாலோரிடம் உள்ளது ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலம். இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களே அவர்களின் கோட்டை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகார சபை அவர்களுக்குக் கன்றும் கடனும் ஆலோசனையும் வழங்குகிறது. ஆனால் தேயிலையின் இயல்பு ஒன்று உண்டு. நெல்லைக் கட்டிவைத்து விலை பார்க்கலாம். புகையிலையை உணர்த்திப் போரிட்டு வைக்கலாம். பறித்த கொழுந்தோ சில மணி நேரத்தில் தொழிற்சாலை சேர வேண்டும், தவறினால் பாழ். ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்தே ஒரு கிலோ தேயிலை ஆகிறது. ஆகவே தொழிற்சாலை எவன் கையிலோ, விலையும் அவன் கையிலே. விற்பனைச் சராசரியில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவனுக்குச் சேரவேண்டும் என்று அரசு விதித்திருப்பது இதனாலேயே. ஆனால் ஏலத்தில் தீர்மானமாகும் அந்தச் சராசரி விலையில் அவனுக்கு எந்தக் குரலும் இல்லை.

இம்முடிச்சை அவிழ்க்க நீலகிரியில் ஒரு முயற்சி நடந்தது. 1962இல் குந்தாவில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் அத்தகைய தொழிற்சாலைகள் பல தோன்றி, இன்ட்கோசர்வ் என்னும் இணையத்தில் ஒன்றுசேர்ந்தன. படகர் முதலிய மலைவாழ் உழவர் தொழிற்சாலைக்குப் பங்காளராயினர். 1953ஆம் ஆண்டின் இந்திய - சோவியத் வர்த்தக உடன்படிக்கையைத் தொடர்ந்து, ரூபாயிலேயே கணக்குத் தீர்க்கும் முறையில் நீலகிரித் தேயிலைக்குச் சோவியத் நாட்டில் உறுதியான சந்தை கிடைத்தது. டாலர் தேடி அலையாத இரு நாடுகள் தம் உழைப்பைப் பரிமாறிக்கொண்டன. ஆனால் 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தது. ஒரே வாசலை நம்பியிருந்த வீடு இருண்டது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை பறிப்புக் கூலிக்கும் போதாத அளவுக்கு வீழ்ந்து, நீலகிரி கொந்தளித்தது. 1998இல் கைச்சாத்தான இந்திய - இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமும் அச்சினத்துக்கு இலக்காயிற்று. கோத்தகிரி உழவனுக்கு மாத்தறை உழவன் பகைவனாகக் காட்சியளித்தான்! இருவர் கொழுந்தையும் மலிவாக வாங்கி, கலந்து, பெட்டியில் அடைத்து விற்கும் பெருநிறுவனங்கள் இருவர் பார்வையிலும் படவில்லை.

கென்யாவின் அநுபவம் சற்றே வேறு. 1950கள் வரை ஆபிரிக்கருக்குத் தேயிலை பயிரிடும் உரிமை மறுக்கப்பட்ட அந்நாட்டில், சுதந்திரத்துக்குப் பின் 1964இல் கென்யத் தேயிலை அபிவிருத்தி அதிகார சபை அமைந்தது. உலக வங்கி முதலியவற்றின் கடனுதவியால் தொழிற்சாலைகள் கட்டப்பட்டன. 2000இல் அவை விவசாயிகளைப் பங்குதாரராகக் கொண்ட கம்பனிகளாயின. வெளியார் பணம் சிறு விவசாயியின் தொழிற்சாலையாக உருமாறியதுதான் அங்கு கவனிக்கத் தக்கது. நிர்வாகச் சீர்கேடு பற்றிய முறைப்பாடுகள் அங்கும் எழாமலில்லை. ஆனால் பங்காளியின் முறைப்பாட்டுக்கு இருக்கும் வலிமை கொழுந்து விற்பவனின் முறைப்பாட்டுக்கு இல்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோமாயின், 2021ஆம் ஆண்டு இரு செய்திகளைத் தந்தது. இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் என்னுமாப்போல் தடைசெய்யப்பட்டது. சிறு நிலத்தாரை எவரும் கலந்தாலோசிக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், ஈரானுக்குச் செலுத்தவேண்டிய 25.1 கோடி டாலர் எண்ணெய்க் கடனை மாதம் 50 இலட்சம் டாலர் பெறுமதியான தேயிலையாகத் தீர்க்க உடன்பாடு ஏற்பட்டது. றப்பர் - அரிசி ஒப்பந்தத்தின் எதிரொலி அதில் கேட்கிறது. எனினும் 1957இன் மறுநடுகை உதவி போல, கொழுந்து விளைப்பவனுக்கென ஒரு பிரிவு அதில் உண்டா என்று தேடினால் ஏமாற்றமே எஞ்சுகிறது.

இறுதியாக, நம் நெஞ்சைச் சுடும் ஒன்றைக் கூறாது முடித்தல் முறையாகாது. சிறு தேயிலை உடைமையாளர் என்ற கணக்கில், அத்தேயிலையை இந்நாட்டில் தலைமுறை தலைமுறையாக நட்டு வளர்த்த மலையகத் தமிழர் மிகச் சிலரே. 1948இல் அவர்கள் பிரஜாவுரிமையை இழந்தனர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கென எண்ணிக் கொடுத்தது. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் நிலம் கைமாறிய வேளையிலும் அவர்கள் கையில் நிலம் சேரவில்லை. 1977 மே மாதத்தில், தோட்ட நிலம் பிரிக்கப்படுவதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். இரு அரசுகள் கூடிக் கையெழுத்திட்ட 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையும் ஒத்துழைப்பு என்றே அழைக்கப்பட்டது என்பதை மறவாதிருப்போம். அவ்வநீதிகள் நடந்தபோது குடாநாட்டில் வாழ்ந்த நம்மவரில் எத்தனை பேர் அதைத் தம் துன்பமாக உணர்ந்தனர்? அந்தக் கேள்வி நம்மையும் விட்டுவைக்காது.

எனவே சர்வதேச ஒத்துழைப்பை நாம் வேண்டாமென்று கூறவில்லை. அதனிடம் மூன்றை எதிர்பார்க்கிறோம். வரும் உதவி விவசாயிகளே உடைமையாளராயுள்ள தொழிற்சாலையாக நிலைபெற வேண்டும். ஒரே நாட்டுச் சந்தையில் அவர்களைக் கட்டிப்போடாமல் பல வாயில்களைத் திறக்க வேண்டும். லயத்தில் வாழும் தொழிலாளிக்கும் ஒரு துண்டு நிலத்தையும் அதன் கொழுந்துக்கு ஒரு கூட்டுறவையும் உறுதி செய்ய வேண்டும். புகையிலைச் சங்கம் கண்ட குடாநாட்டுக்கு இவ்விடயத்தில் சொல்லிக்கொடுக்கவும் கற்றுக்கொள்ளவும் நிறைய உண்டு. அடுத்த தவணையில் ஏற்றுமதிப் பயிர்கள் பற்றிய பாடம் வரும்பொழுது, அந்த மூன்று சொற்களோடு நான்காவதாக ‘எவருடையவை?’ என்ற சொல்லையும் கரும்பலகையில் எழுதுவோம்.