கல்வராயன் மலையும் எட்டிய கடலும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. அங்கே வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக அவர்களின் வாய்மொழி மரபு கூறுகிறது. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்னும் மூன்று ஜாகீர்தார் மரபினர் மலையை ஆண்டனர். மக்கள் வரி கட்டியதோடு, ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்கவும் நேர்ந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் ஜாகீர் முறை ஒழிந்தது. இத்தனை தாமதம் பொறுக்கத் தக்கதல்ல. மலைக்கு உல்லாசப் பயணம் வருவோர் அருவிகளோடு இந்த வரலாற்றையும் அறிய வேண்டும்.

கையில் பணம் குறைவாக உள்ள நண்பர் கூட்டத்துக்கு இம்மலை ஏற்றது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே வெள்ளிமலைக்குப் பேருந்தில் போகலாம். அடிவாரத்தில் கோமுகி அணை. மேலே பெரியார், மேகம் முதலிய அருவிகள். மழைக்காலத்தை ஒட்டிச் சென்றால் நீர் நிறைந்திருக்கும், ஆனால் வழுக்கும் பாறைகளில் கவனம் தேவை.

இம்மலைப் பகுதியிலிருந்து கடல் பார்க்க விரும்புவோர் புதுச்சேரிக்கோ கடலூர் தேவனாம்பட்டினத்துக்கோ செல்கின்றனர். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இம்மலையும் கடலூர்க் கரையும் ஒன்றாக இருந்தன. 1993-இல் கடலூர் பிரிந்தபின் மரக்காணம் கரை விழுப்புரம் மாவட்டத்தில் எஞ்சியது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதற்குக் கடற்கரை இல்லாமல் போயிற்று.