கூட்டுப்புழு போன வழி

காஞ்சிபுரத்தில் பட்டைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. கோர்வை போடத் தெரிந்தவர், சாயப் பதம் தெரிந்தவர், ஜரிகையை உரசிப் பார்த்தே தரம் சொல்பவர் என்று தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். நூலைக் கக்கிய புழு என்ன ஆனது என்று கேட்டால் மட்டும் சற்று யோசிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. இங்கே வந்து சேருவது நூல் மட்டும்தான், அதிலும் பெரும்பங்கு கர்நாடகத்திலிருந்து. புழு பாதி வழியிலேயே இறங்கிவிடுகிறது.

மல்பெரி இலையைத் தின்று, நான்கு முறை சட்டை உரித்து, ஏறக்குறைய இருபத்தைந்து நாளில் புழு முதிர்கிறது. பிறகு தலையை எட்டுப் போடுவது போல ஆட்டி ஆட்டித் தன்னைச் சுற்றியே நூலைக் கக்குகிறது. நல்ல இரகக் கூட்டில் இந்த ஒற்றை இழை ஒரு கிலோமீட்டர் வரை ஓடும். கூடு முடிந்ததும் உள்ளே புழு சுருங்கிப் பழுப்பேறிக் கூட்டுப்புழுவாகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் விட்டால் அந்துப்பூச்சியாகி, கூட்டின் முனையை நனைத்துத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வந்தால் இழை அறுந்தது. அதற்கு முன்பே ஆவியிலோ அனல்காற்றிலோ உள்ளே இருப்பதைக் கொன்றுவிடுகிறார்கள்.

தருமபுரியிலோ ராமநகரத்திலோ ஏலம் போன கூடு நூற்பவரின் வெந்நீர்த் தொட்டிக்கு வருகிறது. சூட்டில் பசை இளக, நுனி பிடிபடும். ஏழெட்டுக் கூடுகளின் இழையைச் சேர்த்து ஒரே நூலாக இழுக்கிறார்கள். தண்ணீரில் கூடு உருண்டுகொண்டே மெலிந்து, கடைசியில் கண்ணாடி போன்ற மெல்லிய உறையும் உள்ளே வெந்துபோன புழுவும் மிச்சம். நூலும் புழுவும் பிரிவது இந்தத் தொட்டியில்தான். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு வேண்டும்; கிலோவுக்கு ஐந்நூறு, அறுநூறு கூடு என்று வைத்தாலும் மூவாயிரம் புழுவுக்கு மேல் போகிறது.

நூலுக்கு அடுத்து முறுக்கு, சாயம், பாவு, தறி, முகூர்த்தம். புழுவுக்கு அடுத்து நாற்றம். ஈரக் கூட்டுப்புழுவை ஒரு நாள் குவித்து வைத்தால் அந்தத் தெருவில் நிற்க முடியாது. அந்த நாற்றத்துக்கும் விலை உண்டு. காய்ந்த புழுவின் எடையில் பாதிக்கு மேல் புரதம், கால் பங்கு அளவுக்கு எண்ணெய். எண்ணெயைப் பிழிந்தெடுத்து, சக்கையைக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக்குகிறார்கள். ஜப்பானில் பட்டு நூற்ற சாக்கு வட்டாரம் வளர்ப்புக் கெண்டைக்கும் பேர்போனது. நூற்பு ஆலையில் மிஞ்சிய புழுவைத் தின்று கொழுத்த கெண்டை அது. அங்கே கடற்கரைத் தூண்டில்காரர்களும் புழுப்பொடியை இரையில் கலந்து வீசுகிறார்கள். எண்ணெய் தண்ணீரில் பரவினால் மீனுக்கு வழி தெரிந்துவிடும்.

தூண்டில் முள்ளில் ஏற்றுவதில் ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு குணம். நம் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு நாக்குப்பூச்சிதான் இரை. முள்ளை மறைத்துக் காலுறை மாட்டுவது போல ஏற்றி, வால் நுனியை மட்டும் துடிக்க விடுவார்கள். ஜிலேபி மீன் அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் வரும். இங்கிலாந்தில் ஈயின் புழுவை இறைச்சியில் வளர்த்து, நாம் அரிசியைப் படியால் அளப்பது போல, 'பைன்ட்' கணக்கில் விற்கிறார்கள். அதை நடுவில் குத்தினால் சாறு வடிந்து வெறும் தோல்தான் தொங்கும். ஆகவே பொடி முள்ளால் தடித்த முனையில் தோலை மட்டும் தொட்டுக் கோத்து, ஆற்றோட்டத்தின் போக்கிலேயே தக்கையோடு மிதக்க விடுவார்கள். அவ்வப்போது தூண்டில் நரம்பைச் சற்றே பிடித்து நிறுத்தினால் தக்கை தயங்கும், இரை மேலெழும்பும், மீன் அப்போதுதான் கவ்வும். கையில் நாலைந்து புழுவை எடுத்து மேல்நீரில் தூவிக்கொண்டே இருப்பதும் உண்டு. கூட்டத்தில் ஒன்றாகப் போகும் முள் புழுவை மீன் சந்தேகிக்காது.

பட்டின் கூட்டுப்புழுவோ ஏற்கெனவே செத்தது, வெந்தது. துடிக்காது. அதனிடம் இருப்பது வாசம் மட்டும். இழுத்துக் கோத்தால் பிய்ந்துவிடும் என்பதால், முனையிலிருந்து முள்ளை உடலுக்குள்ளேயே புதைக்க வேண்டும். வேகமாக வீசினால் புழு ஒரு பக்கம், முள் ஒரு பக்கம். அமைதியான தண்ணீரில் மெதுவாக இறக்கிவிட்டுக் காத்திருக்கிறவருக்கான இரை இது.

காஞ்சியிலேயே இந்தப் புழுவுக்காகப் பேசிய ஒருவர் இருந்தார். பட்டு நெசவுக்கே பேர்போன ஊரில், பட்டுப் புடவை வேண்டாம், ஒன்றுக்காக ஆயிரக்கணக்கான உயிர் போகிறது என்று சொன்னவர் காஞ்சி சங்கர மடத்தின் மகாபெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி.  1994 ஜனவரியில் அவர் சித்தியடைந்தார். தறிச்சத்தம் அவர் சொன்னதற்காக நிற்கவில்லை. நின்றிருந்தால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது என்பதும் இந்த ஊருக்குத் தெரியும்.

1990-களில் ஹைதராபாத்தில் குசுமா ராஜய்யா என்பவர் வேறு வழி பார்த்தார். அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய பிறகு, அறுந்த கூட்டைப் பஞ்சு போல நூற்றுப் புடவை நெய்தார். நூல் சற்றுச் சொரசொரப்பு, பளபளப்பும் குறைவு. அந்தக் கூட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தொட்டால் நொறுங்கும் பழுப்புச் சட்டை ஒன்று கிடக்கும். முள்ளில் ஏற்ற அதில் எதுவும் இல்லை.