கரிசற்பூமியில் இஞ்சினும் நம் குலத்தார் கைத்திறனும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்பூமியின் சரித்திரத்தை எழுதுவோர், பருத்தியைப் பற்றியும், பஞ்சாலையைப் பற்றியும், தீப்பெட்டித் தொழிலைப் பற்றியும் விரித்தெழுதுவர். அப்பூமியை உழுத கருவியை ஆக்கியவர் யார், பிற்காலத்தில் அந்நிய தேசங்களினின்றும் வந்த யந்திரம் பழுதுற்றபோது அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தவர் யார் என்று எழுதுவார் அரியர். அவ்விரு காரியங்களிலும் நம் விசுவகர்ம குலத்தாருக்குப் பங்குண்டு. அதனை நம்மவர் அறிந்து பேணவேண்டும் என்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

கரிசற்காடு வானம் பார்த்த பூமி. ஆண்டிற்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையே அங்குப் பெய்வது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் பெய்து தீர்ந்துவிடும். மண்ணின் ஈரம் தவறுமுன் உழுது விதைத்தாகவேண்டும். அந்நாட்களில் ஒரு கொழு முறிந்தால் அக்குடும்பத்தின் ஓராண்டு உணவே முறிந்ததற்கு ஒப்பாகும். ஆதலின் கொல்லர் உலையும் தச்சர் பட்டறையும் இராப்பகலாய் நடந்தன. அவ்வுழைப்பிற்குக் கூலி காசாக வரவில்லை. அறுவடையில் களத்து மேட்டில் கம்பும் சோளமும் பங்காக அளக்கப்பட்டன. புதிது செய்தலினும் பழுது நீக்குதலே நம் முன்னோரின் பிரதான தொழிலாயிருந்தது என்பது இதனால் விளங்கும்.

நிற்க. நம் மாகாணத்தில் யந்திர உழவைப் பற்றிய எண்ணம் மிகப் பழையது. கவர்னர் டெனிஸன் துரையவர்கள் நீராவிக் கலப்பைகளைச் சீமையிலிருந்து தருவித்து, 1865-ஆம் வருஷம் சைதாப்பேட்டையில் பரீக்ஷைப் பண்ணை ஏற்படுத்தினார். ஆயினும் கரிசற்சீமையில் இஞ்சினின் ஓசை உழவினால் வந்ததன்று, பருத்தியினால் வந்ததாகும். 1870-களில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே புகைவண்டிப்பாதை கோவில்பட்டி வழியாக அமைந்தது. கொட்டை நீக்கும் அரவை ஆலைகள் அதனருகே எழுந்தன. 1901-ல் விவசாய ஆராய்ச்சி நிலையமும் கோவில்பட்டியில் நிறுவப்பட்டது. அவ்வாண்டுகளிலேயே ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் துரைமகனார் சென்னை மாகாணத்தில் கிணற்றுப் பாசனத்திற்கு எண்ணெய் இஞ்சின்களைப் புகுத்த முயன்றார்.

ஆலையிலும் கிணற்றிலும் இஞ்சின் நின்றுவிட்டால் அதனைத் திறந்து பார்க்கத் துணிந்தவர் யார்? இரும்பின் குணம் அறிந்தவரே துணிந்தனர். அக்காலத்து இஞ்சின்களில் பேரிங் என்பது கடையில் வாங்கிப் பூட்டும் பொருளன்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்து, தண்டில் மை பூசிச் சுழற்றி, மை பட்ட மேடுகளைச் சுரண்டிச் சுரண்டிப் பொருத்தவேண்டும். உலையிலும் உளியிலும் பழகிய கைகளுக்கு இது முற்றிலும் அந்நியமான வித்தையன்று.

பின்னர் டிராக்டர் வந்தது. அமெரிக்காவில் போர்ட்ஸன் டிராக்டர் 1917-ல் பெருந்தொகையாகச் செய்யப்படலாயிற்று. நம் தேசத்திலேயே டிராக்டர் செய்யத் தொடங்கியது 1959-ல் ஆகும். மறுவருஷம் சென்னையில் டாபே கம்பெனி ஏற்பட்டு, மாஸே பெர்குஸன் டிராக்டர்களைச் செய்யலாயிற்று. பெர்கின்ஸ் முறையிலமைந்த டீசல் இஞ்சின்களைச் சிம்ப்ஸன் கம்பெனியார் செம்பியத்தில் செய்தனர். 1979-ல் வட இந்தியாவில் பல்லப்கர் என்னுமிடத்தில் ஜே.சி.பி. யந்திரத் தொழிற்சாலை தொடங்கியது. மண் அள்ளும் எந்த யந்திரத்தையும் ஜே.சி.பி. என்றே ஜனங்கள் வழங்குமளவிற்கு அப்பெயர் பரவியுள்ளது. கண்மாயில் வண்டல் அள்ளவும், சீமைக்கருவேலை வேரொடு பறிக்கவும், முன்புறம் பக்கெட் பூட்டிய பழைய டிராக்டர்களும் இவற்றோடு உழைக்கின்றன.

டிராக்டர் வந்ததும் மரக்கலப்பை அருகியது. அதனோடு களத்துப் பங்கும் மறைந்தது. நம்மவருள் பலர் பட்டறையைப் பூட்டிவிட்டுப் பிற தொழில்களை நாடினர். எஞ்சியோரைக் காத்தது எது? தொழிலைக் கெடுத்த அதே யந்திரத்தின் பழுதேயாம்!

கரிசல்மண் இஞ்சினுக்குப் பெரும்பகை. கோடையுழவில் எழும் புழுதி, காற்று வடிகட்டியிலுள்ள எண்ணெயை மாற்றாதுவிடின், சிலிண்டருள் புகுந்து அரத்தைப்போல் அராவிவிடும். பக்கெட் பூட்டிய வண்டி மெதுவாக ஊர்ந்து கடும்பாரம் தள்ளுவதால் சூடு மிகும். ரேடியேட்டரில் தூசியும் சருகும் அடைத்தாலோ சூடு எல்லை கடக்கும். இங்குள்ள கிணறுகள் பலவற்றின் நீர் உவர்நீர். அதனையே ரேடியேட்டரில் ஊற்றுவதால் உள்ளே உப்புப் படிந்து நீரோட்டம் தடைப்படும். முடிவில் ஹெட் வளையும், கேஸ்கட் எரியும், நீலப்புகை கக்கும், ஆயில் அழுத்தம் வீழும்.

இத்தகைய இஞ்சினைப் புதுப்பிக்கும் முறையில் அளவே பிரதானம். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் இஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் போர் 91.4 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 127 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு சுமார் இரண்டரை லிட்டர். மேல் ரிங் நின்று திரும்பும் இடத்திலேயே லைனரின் தேய்வு மிகுதியாதலின், அங்கும் அடியிலும், நெடுக்கிலும் குறுக்கிலும் அளந்து ஒப்பிடவேண்டும். தேய்ந்த லைனரைப் பிடுங்கிப் புதியது ஏற்றலாம். கிராங்க் தண்டு தேய்ந்து கோணியிருந்தால், அங்குலத்தில் ஆயிரத்திற்குப் பத்து, இருபது, முப்பது பங்கு என்னும் படிகளில் அராவி, அவ்வளவிற்கேற்ற பேரிங் ஷெல்லைப் பூட்டவேண்டும். வால்வுகளைப் பசையிட்டுத் தேய்த்துப் பதியவைத்து, நாசிலையும் டீசல் பம்பையும் சோதித்து, ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி முறைப்படி சிறிது சிறிதாய் இறுக்கவேண்டும். புதுப்பித்த இஞ்சினை முதலிற் குறைந்த பாரத்திலேயே ஓட்டிப் பழக்குதல் அவசியம். இவற்றுள் ஒன்றைச் சோம்பலால் விடுத்தவன் மற்ற யாவற்றையும் வீணாக்கியவனாவான். பழைய இஞ்சின்கள் பல்லாண்டு கடந்தும் ஓடுவது, பிரித்துப் பூட்டுவதற்கென்றே அவை அமைக்கப்பட்டதாலும், பூட்டுவோரின் சிரத்தையாலுமே ஆகும்.

இன்று காலம் மாறுகின்றது. 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் அமுலுக்கு வந்துள்ளன. மின்னணுக் கருவிகள் அமைந்த புதிய இஞ்சின்களைக் காதால் கேட்டும் கையால் தொட்டும் மட்டும் அறிதல் இயலாது. வயோதிகரான மேஸ்திரிகள் ஒவ்வொருவராய் மறைகின்றனர். அவர்கள் அறிந்தது ஏட்டில் ஏறவில்லை.

இஃது நம் குலத்தார்க்கு இரத்தத்தோடு வந்த வித்தை என்று பெருமை பேசுவோர் சிலருளர். அது சரியன்று. இன்று கரிசற்பூமியின் பட்டறைகளில் எல்லா வகுப்பாரும் உழைக்கின்றனர். அவர்களுள் நம் மேஸ்திரிகளிடம் ஸ்பானர் பிடிக்கக் கற்றோரும் உளர். கற்றுக்கொடுத்ததே நமக்குப் பெருமை. கொடாது மறைத்த வித்தை மறைத்தவனோடு மாண்டது என்பதை நம் பழைய வார்ப்புத்தொழில்களே காட்டும்.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் அவர்கள் கரிசற்காட்டு மக்களின் வழக்குச்சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். சம்சாரியின் சொற்கள் பிழைத்தன. பட்டறையின் சொல்லையும் அளவையும் முறையையும் திரட்டுவார் வேண்டாமா? கோவில்பட்டியில் 1984 முதல் நேஷனல் என்ஜினீயரிங் கல்லூரி நடைபெறுகின்றது. கல்லூரியிற் பயிலும் நம் வாலிபர்கள் விடுமுறையில் ஒரு நோட்டுப்புத்தகத்துடன் தம் ஊர்ப்பட்டறைக்குச் சென்று, அங்குள்ள முதியவர் பக்கத்தில் அமர்ந்து, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிவருவாராக. களத்துப் பங்கை இழந்தோம். அது காலத்தின் செயல். கைத்திறனையும் இழப்போமாயின் அது நம் அசிரத்தையின் செயலேயாகும்.