ஹகீம் துவக்கும் ஒரு சிறிய வால்வும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே மனம் கனத்துப்போகும் சமூகம் நாம். யுத்த காலத்தில் அதன் முன்னால் நின்றவர்கள், அதனால் ஊரை விட்டுப் போனவர்கள், உறவுகளை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே துவக்கைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. அடுத்தவன் தந்தால்தான் உண்டு என்றிருந்த ஒரு நாடு, தானே செய்யப் பழகிய கதையை எழுதுகிறோம். அந்த நாடு எகிப்து.

எகிப்து என்றதும் நமக்கு நினைவு வருபவர் ஒறாபி பாஷா. 1882 செப்டெம்பர் 13 இல் தெல் அல்-கபீர் சமரில் அவரது படை பிரித்தானியரிடம் தோற்றது. 1883 ஜனவரியில் அவர் நாடுகடத்தப்பட்டு கொழும்புக்கு வந்தார். பிறகு கண்டியில் வாழ்ந்தார். 1892 இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கியபோது சித்திலெப்பை போன்றோருக்குத் துணை நின்றார். 1901 இல்தான் தாயகம் திரும்பினார். இவ்வளவும் நாம் பாடசாலையில் சொல்லிக்கொடுக்கிறோம். அவர் விட்டுவந்த இராணுவத்துக்கு என்ன நடந்தது என்பதை அதிகம் சொல்வதில்லை.

அந்த இராணுவத்தைப் பிரித்தானியர் கலைத்துவிட்டு, தமது அதிகாரிகளின் கீழ் புதிதாக ஒன்றை அமைத்தார்கள். 1936 உடன்படிக்கையிலும் எகிப்தியப் படையின் ஆயுதங்கள் பிரித்தானியப் படையின் ஆயுத வகையிலிருந்து வேறுபடக் கூடாது என்ற ஏற்பாடு இருந்தது. அதாவது, துவக்கும் ரவையும் உதிரிப்பாகமும் ஒரே கடையில்தான் வாங்க வேண்டும். அந்தக் கடைக்காரன் நினைத்தால் கதவைச் சாத்தலாம்.

1948 இல் கதவு சாத்தப்பட்டது. பலஸ்தீன யுத்தம் தொடங்கிய அதே மே மாத இறுதியில் ஐ.நா. பாதுகாப்புச் சபை ஆயுதத் தடை விதித்தது. பிரித்தானியாவும் விநியோகத்தை நிறுத்தியது. எகிப்து அங்குமிங்கும் ஓடி, கிடைத்ததை வாங்கியது. யுத்தம் முடிந்த பிறகு, 1950 இல், பழுதான ஆயுதங்களை வாங்கிச் சிப்பாய்களின் கையில் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டை இஹ்ஸான் அப்துல் குத்தூஸ் ‘ரோஸ் அல்-யூசுப்’ சஞ்சிகையில் எழுதினார். நாடே கொதித்தது. பலூஜா முற்றுகைக்குள் இருந்து திரும்பிய இளம் அதிகாரிகளில் ஒருவர் ஜமால் அப்துல் நாஸர். 1952 ஜூலை 23 இல் மன்னர் பாரூக்கின் ஆட்சி கவிழ்ந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

இந்தப் பின்னணியில்தான் எகிப்து சுவீடனின் கதவைத் தட்டியது.

இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவே சுவீடனின் மல்மோ நகரில், லியுங்மன் தொழிலகத்தைச் சேர்ந்த எரிக் எக்லுண்ட் ஒரு செமி ஒட்டோமெட்டிக் துவக்கை வடிவமைத்திருந்தார். விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு வெடி. அடுத்த ரவை தானாக ஏறிக்கொள்ளும். 1942 இல் சுவீடன் இராணுவம் அதை ஏற்றது. சுமார் 30,000 செய்யப்பட்டன. 1950களின் தொடக்கத்தில் அதன் உரிமத்தையும் அதைச் செய்யும் இயந்திரங்களையும் எகிப்து சேர்த்தே வாங்கியது. கெய்ரோவுக்குத் தெற்கே மஆதியில் 54 ஆம் இலக்கத் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. துவக்குக்கு ‘ஹகீம்’ என்று பெயர் வைத்தார்கள். யூனானி வைத்தியரை நாம் அழைக்கும் அதே சொல். குறிபார்க்கும் அளவுகோலில் அறபு எண்கள் பொறிக்கப்பட்டன.

சிலர் ஹகீமை எகிப்தின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று பெருமையாக எழுதுகிறார்கள். அது சரியில்லை. மூலம் சுவீடனுடையது. எகிப்தியர் அதில் என்ன மாற்றினார்கள் என்பதில்தான் விசயம் இருக்கிறது.

முதல் மாற்றம் ரவை. சுவீடன் துவக்கு 6.5 மில்லிமீற்றர். எகிப்து அதை 7.92 மில்லிமீற்றருக்கு மாற்றியது. அந்த அளவு ரவையைச் சுடும் பெல்ஜியத் துவக்குகள் ஏற்கனவே அவர்களின் படையில் இருந்தன. பிரித்தானியத் துவக்கின் .303 ரவையை அவர்கள் எடுக்கவில்லை. 1936 இன் கயிறு அங்கே அறுந்தது.

இரண்டாவது மாற்றம் ஒரு சிறிய வால்வு. ரவை பெரலுக்குள் ஓடும்போது அதைத் தள்ளும் வாயுவில் கொஞ்சம், ஒரு துளை வழியாக மெல்லிய குழாய்க்குள் போகிறது. இடையில் பிஸ்டன் எதுவும் இல்லை. வாயு நேரே போல்ட்டைச் சுமக்கும் பாகத்தில் மோதி அதைப் பின்னால் தள்ளுகிறது. வெற்றுக் கோது வெளியே பறக்கிறது. பிறகு ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னால் தள்ள, புதிய ரவை ஏறுகிறது. சுவீடன் துவக்கில் இந்த வாயுவின் அளவு மாறாதது. கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஹகீமில் அந்தத் துளைக்கு ஒரு வால்வு பொருத்தினார்கள். சிறு சாவியால் திருகி அளவை மாற்றலாம். ரவை பலம் குறைந்ததாக இருந்தால், பாலைவன மணல் உள்ளே போய்ப் பாகங்கள் இறுகினால், கொஞ்சம் கூட்டிவிடலாம்.

நம்மூர் கராஜில் பாஸ் மோட்டார் சைக்கிள் கார்பரேட்டரில் ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருப்பி, காதைக் கொடுத்துக் கேட்பாரே, அதே வேலைதான்.

இன்று ஹகீம் பழைய இராணுவப் பொருளாக அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் கையில் இருக்கிறது. அவர்கள் முதலில் தேடுவது இந்த வால்வைத்தான். குறைந்த வாயுவில் தொடங்கி, துவக்கு தடையின்றி இயங்கும் மட்டும் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். சரியான அளவை வெற்றுக் கோது சொல்லிவிடும். போல்ட் பாதியில் நின்றால் வாயு போதாது. கோது நசுங்கி வெகுதூரம் பறந்தால் வாயு கூடிவிட்டது. ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது என்று பொருள். பழைய ரவைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. அவற்றின் பற்றவைக்கும் மருந்து ஒருவகை உப்பை விட்டுச்செல்லும். அது ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். எண்ணெய் அதைக் கரைக்காது. சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய் போட வேண்டும். குழாய்க்குள்ளும் அந்த உப்பு போயிருக்கும் என்பதை மறந்தவரின் துவக்கு உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

குறையில்லாத துவக்கு என்றும் சொல்ல முடியாது. கிட்டத்தட்ட ஐந்து கிலோ பாரம். பெரல் முனையில் உள்ள துளைகள் தோளில் விழும் உதையைக் குறைக்கும். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் காதைப் பிளக்கும், தரையில் புழுதி கிளப்பும். இழுக்கும் கைப்பிடி கிடையாது. மேல்மூடியை முன்னால் தள்ளிப் பின்னால் இழுக்க வேண்டும். கவனமில்லாமல் கை வைத்தால் போல்ட் பாய்ந்து பெருவிரலை நசுக்கிவிடும்.

சுமார் 70,000 ஹகீம்கள் செய்யப்பட்டன. 1956 இல் சூயெஸ் கால்வாய் தேசியமயமாக்கப்பட்டு மூன்று நாடுகள் எகிப்தைத் தாக்கியபோது, அது எகிப்திய இராணுவத்தின் துவக்காக இருந்தது. ஆனால் அதற்கு முந்திய வருடமே செக்கோஸ்லோவாக்கியாவுடனான ஆயுத ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டுவிட்டது. சோவியத் வகை ஆயுதங்கள் வந்து குவிந்தன. கலாஷ்னிகோவ் வந்ததும் ஹகீம் பழையதாகிப் போனது. ஒரு கடையை விட்டு வந்தவர்கள் இன்னொரு கடை வாசலில் நின்றார்கள் என்றும் இதைச் சொல்லலாம்.

ஆனாலும் மஆதியில் கை பழகிய தொழிலாளர்கள் மிஞ்சினார்கள். பின்னாளில் அதே தொழிற்சாலைதான் கலாஷ்னிகோவ் வகைத் துவக்கையும் உள்நாட்டிலேயே செய்தது. பொருள் பழசானாலும் கற்ற கை பழசாகவில்லை.

நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது இதுதான். வெளியிலிருந்து இயந்திரம் வாங்குவதில் வெட்கமில்லை. உழவு இயந்திரமோ, தையல் இயந்திரமோ, கணினியோ, அதைத் திறந்து பார்த்து, நம் மண்ணுக்கும் புழுதிக்கும் ஏற்றபடி எந்தத் திருகைத் திருப்புவது என்று அறியாமலிருப்பதுதான் குறை. வாங்கியதை மூடி வைத்துப் பெருமை பேசும் சமூகம், அடுத்த முறை கடை சாத்தும்போது கையைப் பிசைந்து நிற்கும்.

கண்டிக்குச் சுற்றுலா போகும்போது ஒறாபி பாஷா நூதனசாலைக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். பாஷாவைப் பற்றி உங்கள் வாப்பாமார், அப்பாமார் சொன்ன செய்திகள் ஏதும் இருந்தால் எழுதுங்கள். மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம்.