பதினோரு நாளை விட்டுக்கொடுக்காத ஊர்கள்

1752 டிசம்பர் 24, இரவு. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் குவெய்ன்டன் என்ற சிற்றூரில் ஒரு முள்மரத்தைச் சுற்றி இரண்டாயிரம் பேருக்கு மேல் லாந்தரும் மெழுகுவத்தியுமாகக் கூடியிருந்தார்கள். கிளாஸ்டன்பரியில் இருந்த புனித முள்மரத்தின் வழிவந்தது அது என்பது ஊர் நம்பிக்கை. அந்த வகை மரம் ஆண்டுக்கு இரண்டு முறை பூக்கும். குளிர்காலப் பூ சரியாகக் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் மலரும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். ஒரு பூவையும் காணோம்.

அப்படியென்றால் விடிந்தால் கிறிஸ்துமஸ் இல்லை என்று கூட்டம் முடிவுகட்டியது. மறுநாள் தேவாலயத்துக்குப் போக மறுத்தார்கள். கடைசியில் சுற்றுவட்டாரப் பாதிரியார்களே இறங்கிவந்து, பழைய கிறிஸ்துமஸும் முன்போலவே அனுசரிக்கப்படும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இந்தச் செய்தியை 1753இல் 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' வெளியிட்டது.

மரத்தைச் சாட்சிக்கு அழைக்கும் அளவுக்கு நாளில் என்ன குழப்பம்? 1752 செப்டம்பர் 2 புதன்கிழமை இரவு படுத்த பிரிட்டன், விடிந்து எழுந்தபோது செப்டம்பர் 14 வியாழக்கிழமை. ஜூலியன் நாட்காட்டி சூரியனோடு ஒத்துப்போகாமல் பிசகிவருவதைத் திருத்தி, போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582இலேயே புதிய கணக்கைக் கொண்டுவந்திருந்தார். ரோமாபுரியிலிருந்து வந்தது என்பதாலேயே புராட்டஸ்டன்ட் இங்கிலாந்து அதை 170 ஆண்டுகள் தள்ளிவைத்தது. செஸ்டர்ஃபீல்டு பிரபு நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார்; வானியல் அறிஞர் ஜேம்ஸ் பிராட்லி கணக்குக்குத் துணைநின்றார். அதுவரை மார்ச் 25இல் பிறந்த இங்கிலாந்தின் புத்தாண்டும் இதே சட்டத்தால் ஜனவரி 1க்கு மாறியது. அதனால் 1751ஆம் ஆண்டுக்கு 282 நாட்கள்தான். அடுத்த ஆண்டுக்கு 355.

"எங்கள் பதினோரு நாளைத் திருப்பிக் கொடு" என்று மக்கள் கலவரம் செய்தார்கள் என்ற கதை வெகுகாலம் உலவியது. ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1755இல் வரைந்த தேர்தல் விருந்துப் படத்தில் இந்த வாசகம் எழுதிய தட்டி ஒன்று கிடக்கும். கதைக்கு வேர் அதில்தான். கலவரம் நடந்ததற்கு வரலாற்றாசிரியர்கள் ஆதாரம் எதையும் காணவில்லை. பாமர மக்கள் ஆயுளில் பதினோரு நாள் போய்விட்டதாகப் பயந்தார்கள் என்று இன்றும் எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்களுக்கு இருந்த சிக்கல் வேறு. அது சட்டத்துக்குள்ளேயே இருந்தது.

தேவாலயத் திருநாட்கள் புதிய தேதிப்படி வர வேண்டும் என்றது சட்டம். ஆனால் வாடகை, கடன், கூலி, பொது மேய்ச்சல் நிலம் திறக்கும் நாள், குறித்த தேதியில் கூடும் சந்தை ஆகியவை பழைய நாளிலேயே, அதாவது பதினோரு தேதி தள்ளி, நடக்கட்டும் என்று விட்டுவிட்டது. அதில் நியாயம் உண்டு: பதினோரு நாள் வாழாமலே அதற்கு வாடகை கட்டு என்று யாரிடம் சொல்ல முடியும்? ஆனால் ஒரே நாளில் வந்துகொண்டிருந்த திருநாளும் சந்தையும் இதனால் பிரிந்தன. நாட்டிங்ஹாமின் வாத்துச் சந்தை செப்டம்பர் 21இலிருந்து அக்டோபர் 2க்குப் போனது. லிங்கன்ஷயரிலிருந்தும் நார்ஃபோக்கிலிருந்தும் அங்கே வாத்துகளை நடத்தியே கூட்டிவந்தார்கள். வழியில் கால் தேயாமலிருக்கத் தாரிலும் மணலிலும் நடக்கவிட்டுப் பாதங்களுக்குப் பூச்சுப் பிடிக்கவைத்தார்கள் என்பார்கள். அறுவடை முடிந்த தாள்காட்டில் மேய்ந்து கொழுக்க வேண்டிய பறவைக்கு நாடாளுமன்றத்தின் தேதி என்ன தெரியும்? அரசின் கருவூலமும் இதே கணக்கில்தான் நடந்தது. மார்ச் 25ஐ ஒட்டி முடிந்த அதன் ஆண்டுக்கணக்கு ஏப்ரல் 5க்குத் தள்ளிப்போனது; பிரிட்டனில் வருமான வரி ஆண்டு இன்றைக்கும் ஏப்ரல் 6இல் தொடங்குகிறது.

சந்தைக்கும் வாடகைக்கும் பழைய நாள் சரியென்றால், பண்டிகைக்கு மட்டும் ஏன் கூடாது என்று சில ஊர்கள் பழைய நாளிலேயே நின்றுவிட்டன.

சோமர்செட்டில் கார்ஹாம்ப்டன் என்ற ஊரில் ஜனவரி 17 அன்று ஆப்பிள் தோப்புக்கு வாழ்த்துச் சொல்லும் சடங்கு நடக்கிறது. கிறிஸ்துமஸ் பன்னிரண்டாம் இரவின் பழைய தேதி அது. சைடர் என்ற ஆப்பிள் மதுவில் தோய்த்த ரொட்டித் துண்டுகளை மரக்கிளைகளில் வைப்பார்கள், ராபின் குருவிகளுக்கு. வேரில் சைடர் ஊற்றுவார்கள். பாட்டு முடிந்ததும் கிளைகளுக்கு ஊடாகத் துப்பாக்கி வெடிக்கும். தீயசக்தி ஓடி, மரம் விழித்து, அடுத்த பருவத்தில் நன்றாகக் காய்க்க வேண்டும் என்பதற்காக.

வேல்ஸில் குவைன் பள்ளத்தாக்குக்கு ஜனவரி 13தான் புத்தாண்டு. 'ஹென் கலான்' என்கிறார்கள். பழைய புத்தாண்டு என்று பொருள். பிள்ளைகள் பண்ணை வீடு வீடாகப் போய் வேல்ஷ் மொழியில் பாடி, மிட்டாயும் சில்லறையும் வாங்கிக்கொள்கிறார்கள். ஷெட்லாந்துக்கு மேற்கே அட்லான்டிக்கில் தனித்துக் கிடக்கும் ஃபௌலா தீவில் சில டஜன் பேர்தான் வசிக்கிறார்கள். அவர்களுக்கு ஜனவரி 6 கிறிஸ்துமஸ்.

இந்தத் தேதிகள் புதிய தேதிகளிலிருந்து எத்தனை நாள் தள்ளி வருகின்றன என்று எண்ணிப் பார்த்தால் 11 வராது, 12 வரும். பழைய கணக்கில் 1800 லீப் ஆண்டு, புதிய கணக்கில் இல்லை. இடைவெளி ஒரு நாள் கூடியது, இவர்களும் ஒரு நாள் நகர்ந்தார்கள். 1900இல் அது 13 ஆனபோது நகரவில்லை. ஆகவே ஜூலியன் கணக்கோ கிரிகோரியன் கணக்கோ இல்லாத ஒரு தேதியில், தங்கள் ஊருக்கே உரிய நாளில், இவர்கள் கொண்டாடுகிறார்கள்.

ஸ்காட்லாந்தின் மோரே கரையில் உள்ள பர்க்ஹெட் 11ஐயே வைத்துக்கொண்டது. ஜனவரி 11 அங்கே பழைய ஆண்டின் கடைசி இரவு. பாதியாக வெட்டிய பீப்பாயில் தாரும் விறகும் நிரப்பிக் கம்பத்தில் அறைந்து கொளுத்துவார்கள்; பெயர் 'கிளேவி'. ஊர்க்காரர்கள் முறைவைத்து அதைத் தோளில் சுமந்து தெருத்தெருவாகப் போவார்கள். கொதிக்கும் தார் சொட்டும். சில வாசல்களில் நின்று எரியும் கட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். ஊர்வலம் டூரி குன்றில் முடியும். தீ அடங்கியதும் கரித்துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அதில் ஒரு துண்டு போகும்.