கொலன்சோவும் விவிலியத்தின் எண்களும்

விவிலியத்திற் பிழையுண்டா என்னும் விவாதம் ஐரோப்பிய அறிஞரின் நூலகங்களிலே தோன்றி வளர்ந்ததாகவே பெரும்பாலும் எழுதப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபையை உலுக்கிய கொலன்சோ விவகாரத்தை நோக்குமிடத்து, இக்கருத்து முழுமையானதன்று என்பது புலனாகும். அங்கு வினா எழுந்த இடம் ஒரு குடியேற்றநாடு. வினவியவர் ஆளப்பட்டோருள் ஒருவர்.

ஜோன் வில்லியம் கொலன்சோ (1814–1883) 1853இல் தென்னாபிரிக்காவின் நேற்றால் பகுதிக்கு அங்கிலிக்கன் அத்தியட்சராக நியமிக்கப்பட்டார். கணிதவியலாளரான அவரது எண்கணித நூல் ஆங்கிலப் பாடசாலைகளிற் பரவலாகப் பயிலப்பட்டது. விவிலியத்தைச் சூலு மொழியிற் பெயர்க்கும் பணியில் அவருக்குத் துணைநின்றவர் வில்லியம் இங்கிடி. பெருவெள்ளக் கதையைப் பெயர்க்கையில், இவையனைத்தும் உண்மையிலேயே நிகழ்ந்தனவா என இங்கிடி வினவினார். புவிச்சரிதவியல் கற்றிருந்த கொலன்சோவினால் ஆமெனக் கூற இயலவில்லை.

இவ்வினா தூண்டிய ஆய்வே, ஐந்தாகமங்களையும் யோசுவா நூலையும் பற்றி 1862 முதல் 1879 வரை ஏழு பகுதிகளாக வெளிவந்தது. அவரது முறை எளிது. நூல் தரும் எண்களை அந்நூலின் எண்களோடேயே ஒப்பிட்டார். இருபது வயதும் அதற்கு மேலுமான ஆண்கள் 603,550 பேர் என்கிறது எண்ணாகமம். ஒரு மாத வயது முதலான தலைப்பிள்ளை ஆண்களோ 22,273 பேரே. வளர்ந்த ஆண்களை மட்டும் கணக்கிடினும், ஒரு தலைப்பிள்ளைக்கு ஏறத்தாழ 27 ஆண்கள் வருவர். தாய்மார் யாவரும் சராசரியாக இத்தனை புதல்வரைப் பெற்றிருத்தல் இயலாது. இத்தகைய எண்களைத் தரும் குருமரபுப் பகுதிகள் காலத்தாற் பிந்தியன என்ற முடிவை நோக்கி ஒல்லாந்த அறிஞர் கியூனன் செல்வதற்கு இவ்வாய்வு துணைபுரிந்தது.

திருச்சபையின் எதிர்ப்பு கடுமையாயிருந்தது. 1863இல் கேப்டவுன் அத்தியட்சர் றொபேட் கிறே அவரைப் பதவிநீக்கினார். 1865இல் கோமறைக் கழகம் அத்தீர்ப்பைச் செல்லாததாக்கியது. ஆயின், அது கிறேயின் நியாயாதிக்கத்தையே ஆராய்ந்தது; விவிலியத்திற் பிழையுண்டா என்பதை ஆராயவில்லை. சூலு மக்களை மாற்றச் சென்ற அத்தியட்சரைச் சூலு ஒருவரே மாற்றிவிட்டார் என்ற ஏளனமும் எழுந்தது. ஆளப்படுவோன் ஐயுறவுங் கூடும் என்பதை ஏற்க மறுத்த மனோபாவமே இவ்வேளனத்தில் வெளிப்பட்டது எனலாம்.

கொலன்சோவை ஏகாதிபத்தியத்தின் எதிரியாக முழுமையாகச் சித்திரிப்பது பொருந்தாது. அவர் இறுதிவரை மிசனரியாகவே வாழ்ந்தார். நேற்றால் நிருவாகியான செப்ஸ்ரனின் நெருங்கிய நண்பராக நெடுங்காலம் இருந்தார். எனினும், 1873இல் இலங்கலிபலேலே என்னும் குலத்தலைவர்மீது அரசு கிளர்ச்சிக் குற்றஞ்சாட்டியபோது, விவிலியத்திற் கையாண்ட அதே முறையை அரசின் சாட்சியங்களுக்கும் பிரயோகித்தார். ஒன்றோடொன்று முரண்பட்ட வாக்குமூலங்களை வெளிக்கொணர்ந்தார், அந்நட்பும் முறிந்தது. 1879இல் சூலு நாட்டின்மீது தொடுக்கப்பட்ட போரையும் அவர் கண்டித்தார்.

வேதத்தின் எண்களைச் சரிபார்க்கத் துணிந்தவர், அரசின் அறிக்கைகளையும் சரிபார்க்கத் தயங்கவில்லை. பிழையுண்டா என்ற வினா இறையியலின் எல்லையைத் தாண்டி அதிகாரத்தைத் தொடுவது இவ்விடத்திலேயாகும். அவ்வினாவை முதலில் எழுப்பிய இங்கிடிக்கு, இவ்வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பினும் பெரிய இடம் உரியது.