மல்டிபிள் எக்ஸ்போஷர் அரூப ஒளிப்படம்

ஒரே சட்டத்தின் மேல் பல காட்சிகளைக் கேமராவுக்குள்ளேயே பதித்து, பொருளின் அடையாளம் கரைந்து கோடும் தொனியும் எஞ்சும்படி எடுக்கப்படும் படம். இருட்டறையில் நெகட்டிவ்களை அடுக்குவதும் கணினியில் படங்களை இணைப்பதும் இதில் சேரா.

பிலிமில் ஒளி கூடுமே தவிரக் குறையாது. முதல் காட்சியில் வெளுத்த வானம் இருந்த இடத்தில் அடுத்த காட்சி மங்கிப்போகும். நிழல் விழுந்த இடத்தில் பளிச்சென ஏறும். அதனால் தேர்ந்தவர்கள் முதலில் இருட்டைத்தான் தேடுகிறார்கள். 2 பதிவுகள் என்றால் ஒவ்வொன்றிலும் 1 ஸ்டாப் (அதாவது ஒளியில் பாதி), 4 என்றால் 2 ஸ்டாப், 8 என்றால் 3 ஸ்டாப் ஒளியைக் குறைப்பது வழக்கம்.

ஒளிப்படத்தில் அரூபத்துக்கு வழிதிறந்தவர் பாஸ்டனில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஆல்வின் லாங்டன் கோபர்ன். அசையும் பொருளை ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் பதித்தால் என்ன என்று 1916இல் ஒரு கட்டுரையில் கேட்டார். ஆனால் 1917இல் அவர் காட்சிக்கு வைத்த 'வோர்டோகிராஃப்' படங்களில் உருவங்களைப் பெருக்கியவை மூன்று கண்ணாடிகள்.

அந்தக் கேள்வியைச் செயலாக்கியவர்களில் முதன்மையானவர் சான் பிரான்சிஸ்கோவில் 1879இல் பிறந்த பிரான்சிஸ் புரூகியேர். முதலில் மனித உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். பிறகு மனிதரை விட்டுவிட்டு, வெட்டி மடித்த காகிதத்தின் மேல் விளக்கை இடம் மாற்றி மாற்றிப் பதித்தார். காகிதம் என்று சொல்லவே முடியாத அந்த ஒளிமடிப்புகளுக்கு உரிய புகழ் இன்றுவரை கிடைக்கவில்லை. 1930இல் ஆஸ்வெல் பிளேக்ஸ்டனுடன் சேர்ந்து எடுத்த 'லைட் ரிதம்ஸ்' குறும்படத்திலும் இருப்பவை காகிதமும் நகரும் ஒளியும்தான்.

மூன்றாமவர் ஹாரி கல்லஹன். டெட்ராய்ட்டில் 1912இல் பிறந்தவர். மொஹோலி-நாகி தொடங்கிய சிகாகோ கலைப்பள்ளியில் 1946 முதல் கற்பித்தார். மரம், தெரு, கட்டட முகப்பு என்று அன்றாடம் கண்ணில் படுவதையே கேமராவைச் சற்றே நகர்த்தித் திரும்பத் திரும்பப் பதித்தார். 1958இல் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்சில் மனைவி எலினாரின் உடலை நிலக்காட்சியோடு கலந்து எடுத்த படங்கள் இம்முறையின் உச்சம். இம்முறைக்குக் கேமராவின் அமைப்பும் இடம் தர வேண்டும்: தாள்பிலிம் கேமராவில் ஷட்டரை மீண்டும் மீண்டும் திறக்கத் தடையில்லை. பிலிமை நகர்த்தினால்தான் ஷட்டர் தயாராகும்படி அமைந்த பிற்காலச் சிறு கேமராக்கள் பலவற்றில் இதற்கெனத் தனி நெம்புகோல் தேவைப்பட்டது.

டிஜிட்டலில், 2005இல் வந்த நிக்கான் டி200 கேமரா 10 பதிவுகள் வரையும், 2012இல் வந்த கேனான் 5டி மார்க் 3 கேமரா 9 வரையும் இணைக்கும். கேனானில் இருண்ட பகுதிகளை மட்டும் தேர்ந்து சேர்க்கும் முறையும் உண்டு. வெள்ளை வானத்தின் மேல் கிளைகளைக் கருமை குன்றாமல் அடுக்க அது உதவுகிறது.